520ஆம் இறாக்கையில் ஒரு நாவல்

2017ஆம் ஆண்டு ஒக்டோபரில், தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டு எங்கள் நூலகத்தில் நடத்தவிருந்த உரைக்கு யாரை அழைக்கலாம் என்று நூலகர் கேட்டபோது, பதினைந்து ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த ஒரு பெயரைச் சொன்னேன். தமிழில் விஞ்ஞானப் புனைகதையை விடாப்பிடியாக எழுதிவருபவர்கள் இலங்கையில் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான இவர் ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியியலாளர். தம்மைப் பற்றி எவரும் எழுதுவதை விரும்பாதவர் என்பதால் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அவர் வரச் சம்மதித்த செய்தி கிடைத்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியில் பாதியைப் பயம் தின்றுவிட்டது. அவருடைய முதல் நாவலின் ஒரு பிரதியை நான் பல ஆண்டுகளாக, தெரிந்துகொண்டே, தவறான இடத்தில் வைத்திருந்தேன்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை நிலத்தில் அமைந்த பிரதேச சபை நூலகம் எங்களுடையது. 2002இல் நூலக உதவியாளராகச் சேர்ந்த எனக்கு முதலில் தரப்பட்ட வேலை, அன்பளிப்பாக வந்து பெட்டிகளில் தேங்கியிருந்த நூல்களுக்குப் பகுப்பெண் இடுவது. தூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு உரிய எண் 894.8113, வானியலுக்கு உரியது 520. பெயரிலே ஒரு கோளும் அட்டையிலே வளையங்களும் இருந்த அந்த நூலை நான் திறந்தும் பார்க்காமல் 520இல் சேர்த்துவிட்டேன். சில மாதங்களின் பின் விலைகொடுத்து வாங்கிய இன்னொரு பிரதி வந்தபோது, நூலகர் அதைச் சரியாகவே நாவல்களுடன் வைத்தார். அந்தப் பிரதியைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒரே இரவில் வாசித்து முடித்தேன். என் பிழையும் அன்றிரவே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் திருத்த நினைத்தேன். ஆனால் 520இல் அந்தப் புத்தகம் இல்லை, இரவலில் போயிருந்தது. திரும்பி வந்ததும் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த திகதிச் சீட்டைப் பார்த்தேன். நான்கு மாதங்களில் ஐந்து முத்திரைகள் விழுந்திருந்தன. நாவல் பகுதியிலிருந்த பிரதியை என்னைத் தவிர ஒருவரும் எடுத்திருக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கதைப்புத்தகத்துடன் வீட்டுக்குப் போனால் ஏச்சு நிச்சயம். முதுகில் வானியல் எண் ஒட்டிய புத்தகத்துடன் போனால் கேள்வியே இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய விதிகளைச் சொல்லிக்கொண்டு, புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற அவருடைய நான்காவது விதி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பதும் தெரிந்தே இருந்தது. ஆண்டுதோறும் நூற்கணக்கெடுப்பில் அந்தப் புத்தகத்துக்கு நேரே 'இடம் மாறியுள்ளது' என்ற குறிப்பு விழும். ஆண்டுதோறும் நான் திருத்துவதாகச் சொல்வேன். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 27இல் சுஜாதாவும், சரியாக இருபத்தொரு நாள் கழித்து மார்ச் 19இல் ஆதர் சி. கிளார்க்கும் மறைந்தபோது, விஞ்ஞானப் புனைகதை எழுதிய அந்த இருவருடைய நூல்களையும் ஒரே மேசையில் காட்சிக்கு வைத்தேன். ஒரு வாரத்துக்குள் மேசை வெறுமையானது. எடுத்துச் சென்றவர்களில் பலர் 520இன் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதைக் கண்டபிறகு, திருத்தும் எண்ணம் எனக்கு அறவே போய்விட்டது.

உரை நடந்த நாள் மாலை மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. அவர் பேசத் தொடங்கிப் பத்து நிமிடங்களில் மின்சாரம் நின்றது. ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு, கூரையில் விழும் மழைக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசினார். எங்கள் ஊர்க் கூரைகளில் உள்ள தொலைக்காட்சித் தட்டுகள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்பதிலிருந்து அவருடைய பேச்சு தொடங்கியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால், கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று கிளார்க் 1945இல் எழுதினார். பதினொரு ஆண்டுகளின் பின் அவர் இந்தத் தீவுக்கே வந்து குடியேறினார். பூமியிலிருந்து அந்த உயரம்வரை ஒரு மின்தூக்கி அமைப்பதைப் பற்றி நாவல் எழுதியபோது, அதன் அடி நிலநடுக்கோட்டில் இருந்தாக வேண்டும் என்பதற்காக, இலங்கையை ஒத்த தம் கற்பனைத் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். "பேனையால நகர்த்தினால் ஒரு ஆளுக்கும் நட்டமில்லை" என்று எங்கள் விருந்தினர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து தோணியிலும் சைக்கிளிலுமாக வருபவன். எங்கள் நூலகத்தின் பழைய அங்கத்தவன். "நட்டம் இருக்கு சேர். தீவு கீழ போனா வாடைக்காத்து இப்படி வருமா? மாரி மழை பிசகினா எங்கட வேளாண்மை என்ன ஆகும்?" எங்கள் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெல். பெரும்போகம் முழுவதும் அந்த மழையை நம்பித்தான் விதைக்கப்படுகிறது என்பதை அங்கிருந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கதையைப் பற்றிப் பேசிவருவதாகவும், மின்தூக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் வயலைக் குனிந்து பார்க்கவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு, தம் நூல்களில் எதை வாசித்திருக்கிறாய் என்று அவனிடம் கேட்டார்.

"விஞ்ஞானப் பகுதியில இருக்கிற உங்கட புத்தகம் சேர்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். விஞ்ஞானப் பகுதியில் வைக்கத்தக்க ஒரு நூலைக்கூட அவர் எழுதியதில்லை.

வெளியூரிலிருந்து வரும் விருந்தினர்கள் கூட்டம் முடிந்ததும் பாடும் மீன் எங்கே கேட்கும் என்று விசாரிப்பதுதான் வழக்கம். கல்லடிப் பாலத்துக்கு ஆட்களை அழைத்துச் சென்று, மீனின் குரல் கேட்காமல் திரும்பி வந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. இவர் அதைக் கேட்கவில்லை. "அந்த இறாக்கையைக் காட்டுங்கோ, பிள்ளை" என்றார். மெழுகுதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு 520க்கு அழைத்துப் போனேன். போகும் வழியிலேயே முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், இரண்டு பிரதிகளையும் வாசிப்பு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னட்டைகளைத் திறந்தார். நாவல் பிரதியின் சீட்டில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. மற்றதில் சீட்டுக்கு மேல் சீட்டாக மூன்று ஒட்டப்பட்டிருந்தன. அடியில் இருந்ததை அவர் நகத்தால் மெதுவாக உயர்த்திப் பார்த்தார்.

முத்திரையில் விழுவது நூலைத் திருப்பித் தரவேண்டிய திகதி. எங்கள் நூலகத்தில் தவணை பதினான்கு நாட்கள். 2005ஆம் ஆண்டு ஜனவரி 7 என்ற முத்திரையில் அவருடைய விரல் நின்றது. அடுத்த முத்திரை மார்ச் 18. அவர் எதுவும் கேட்கவில்லை; ஆனாலும் சொன்னேன். டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எடுத்துச் சென்ற புத்தகம் அது. ஞாயிறு காலை கடல் வந்தது. அவளுடைய வீட்டில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது. புத்தகம் மட்டும் வாவிக்கரைப் பக்கத்திலிருந்த தோழி வீட்டில், ரியூசன் பையில் கிடந்து தப்பியது. மார்ச் தொடக்கத்தில், நிவாரணப் பொருட்களை அகற்றி நூலகத்தை மறுபடி திறந்த கிழமையில், முகாமிலிருந்து நடந்து வந்து அதை மேசையில் வைத்துவிட்டு, தண்டப்பணம் எவ்வளவு மிஸ் என்று கேட்டாள். தண்டப்பணம் வாங்கவில்லை. மார்ச் 18 என்ற முத்திரை யாருக்கு விழுந்தது என்று அவர் இப்போது கேட்டார். அதுவும் அவளுக்குத்தான், கடைசி இரண்டு அத்தியாயங்களும் மிச்சம் என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், கையெல்லாம் வியர்த்தது. நூலகப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுவது குற்றம். அதை அழிப்பது என் கடமை. நான் அழிக்காமல் விட்டிருந்த எழுத்துகள் அந்தப் பிரதியில் நிறைய இருந்தன. நாயகன் செவ்வாயிலிருந்து மட்டக்களப்பிலுள்ள தாயுடன் பேசும் இடத்தில், ஓரத்தில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: 'பிழை. செவ்வாய் மிகக் கிட்ட வந்தாலும் ஒளி போகவே 3 நிமிடம். பதில் வர 6.' அதன் கீழே வேறொரு கையெழுத்து: 'தூரத்தில் இருந்தால் 22. அம்மா அதுவரை லைனில் நிற்பாவா?'

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மழை ஓய்ந்திருந்ததால் அந்தச் சிரிப்பு நூலகம் முழுவதும் கேட்டது. தொலைத்தொடர்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர் இந்தப் பிழையை எப்படி விட்டார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அந்தத் தாயைக் காத்திருக்க வைக்கத் தமக்கு மனம் வரவில்லையாம். மதிப்புரை எழுதிய ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றும், கதை என்று நினைத்து வாசித்தவர்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். நாவல் பிரதியை எடுத்து அதே பக்கத்தைப் பார்த்தார். ஓரம் வெள்ளையாக இருந்தது.

புத்தகத்தைச் சரியான இடத்துக்கு மாற்றிவிடுகிறேன், சேர், என்றேன். "வேண்டாம், பிள்ளை. அங்கேயே இருக்கட்டும். உள்ளே இது கதை எண்டு மட்டும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கோ. பென்சிலை அழிச்சுப்போடாதேங்கோ." கையொப்பம் கேட்டபோது, தலைப்புப் பக்கத்தை விட்டு, அந்தச் செவ்வாய்ப் பக்கத்தைத் திறந்து, இரண்டு கையெழுத்துகளுக்கும் கீழே பென்சிலால் பெயரை எழுதினார்.

அந்த ஆண்டின் நூற்கணக்கெடுப்பிலும் வழக்கமான குறிப்பு வந்தது. குறிப்புரை நிரலில் 'ஆசிரியர் அறிவார்' என்று எழுதிக் கொடுத்தேன். எந்த ஆசிரியர், எந்தப் பாடசாலை என்று கேட்டு அந்தத் தாள் எனக்கே திரும்பி வந்தது.