மின்னல் தடுப்பானைச் சோதித்துப் பார்த்தேன்: கோட்டையூர் மாடியிலிருந்து

கோட்டையூரில் என் பழைய வீட்டின் மொட்டை மாடியில் அமெச்சூர் ரேடியோவுக்கான 7 மெகாஹெர்ட்ஸ் இருமுனை ஆண்டெனா ஒன்று நிற்கிறது. அதன் கேபிள் அறைக்குள் நுழையுமிடத்தில், 230 வோல்ட் வாயுக்குழாய் வகைத் தடுப்பானை (அழுத்தம் எல்லை மீறினால் உள்ளிருக்கும் வாயு பற்றி, மின்சாரத்தை எர்த்துக்குக் கடத்திவிடும்) மாட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோடை இடிமழைக்கு முன் அதையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் மேசையில் வைத்துச் சோதித்தேன்.

மல்டிமீட்டரில் இரண்டும் ஒன்றுபோலவே காட்டின. ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (போலிச் சுமையை) மாட்டி, ரேடியோ அலைவரிசையில் கேபிள், ஆண்டெனாக்களை அளக்கும் நானோ விஎன்ஏ கருவியில் பார்த்தபோதும் வேறுபாடில்லை. குழாயின் கொள்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) வெறும் 1 பிகோஃபாரட் அளவுதான் என்பதால், அது செத்திருந்தாலும் ரேடியோவுக்குத் தெரியப்போவதில்லை. பலர் இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொள்வதே எனக்குக் கவலையளிக்கிறது.

ஆகவே, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி சப்ளையை 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து, மெல்ல ஏற்றினேன். புதிய குழாய் முதல்முறை 262 வோல்ட்டிலும், பிறகு ஐந்து முறையும் 236 முதல் 241-க்குள்ளும் பற்றியது. நெடுநேரம் ஓய்ந்திருந்த குழாய் முதல் தடவை சற்று உயரத்தில் பற்றுவது இயல்பு. பழையதோ 600 வரை ஏற்றியும் பற்றவேயில்லை. கழற்றிப் பார்த்தால், புளியங்கொட்டை அளவுள்ள அந்த வெள்ளைப் பீங்கானில், உலோக மூடியை ஒட்டி மயிரிழை விரிசல். உள்ளிருந்த வாயு கசிந்து காற்று புகுந்திருக்கிறது.

90 வோல்ட் குழாய் இன்னும் முன்னதாகப் பற்றுமே என்று தோன்றலாம். 100 வாட் ஒலிபரப்பில் 50 ஓம் கேபிளில் உச்ச அழுத்தம் 100 வோல்ட், ஆண்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்தாமலிருக்கிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (முழுப் பொருத்தம் என்றால் 1) 3 ஆனால் ஏறத்தாழ 173. நம் ஒலிபரப்பிலேயே அது பற்றிவிடும்.

அதிகம் உழைத்தது எர்த்துக்குத்தான். ஐந்தடிக்குக் கீழே செம்புறாங்கல் தட்டியதால் எட்டடிக் கம்பி முழுதாக இறங்கவில்லை. எர்த் டெஸ்டர் 41 ஓம் காட்டியது. எனவே நாலரையடிக் கம்பிகள் மூன்றை ஒன்பதடி இடைவெளியில் இறக்கி, பழைய கம்பியோடும் வீட்டு எர்த்தோடும் செப்புப் பட்டையால் இணைத்தபின் 14 ஓம் ஆனது. தடுப்பானிலிருந்து சுருண்டு கிடந்த ஒயரையும் எடுத்துவிட்டு நேரான பட்டை போட்டேன். ஒரு மீட்டர் ஒயரின் தூண்டல் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் தன்மை) சுமார் 1 மைக்ரோஹென்றி. 8 மைக்ரோ விநாடியில் 20 கிலோஆம்பியர் ஏறினால், அந்த ஒரு மீட்டரிலேயே 2500 வோல்ட் எழும்.

எர்த்தை ஐப்பசி மழைக்குப் பின் மறுபடி அளப்பேன். இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.