செர்ன் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

முதுகலை இயற்பியல் முதலாண்டு முடிந்த கோடையில் நான் ஜெனீவாவை ஒட்டிய செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் பத்து வாரங்கள் இருந்தேன். விண்ணப்பத்துடன் அனுப்பிய கட்டுரையில், ‘உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகளைப் பணியில் வைத்திருக்கும் ஆய்வகம்’ என்று எழுதியிருந்தேன். தேர்வானது அந்த வரியையும் மீறித்தான் என்று இப்போது தோன்றுகிறது. செர்னின் ஊழியர்கள் ஏறத்தாழ 2,500 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும். அங்கே ஆய்வு செய்ய வரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவை அவரவர் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும்தான். செர்ன் அவர்களைப் ‘பயனர்கள்’ என்றே அழைக்கிறது.

விண்ணப்பிக்கும் முன்பே இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வது நல்லது. 1954-இல் 12 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நிறுவிய செர்ன், 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் புரோட்டான் கற்றைகளைச் சுழலவிட்டு மோதச் செய்து கொடுக்கிறது. மோதலைப் பதிவு செய்யும் அட்லஸ், சி.எம்.எஸ். போன்ற ராட்சத உணர்கருவிகளோ, பல பத்து நாடுகளின் நிறுவனங்கள் தத்தம் பணத்திலும் பட்டறைகளிலும் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தியவை. ஒவ்வொரு கருவியையும் கட்டி நடத்தும் இந்த நிறுவனங்களின் கூட்டமைப்பைக் ‘கூட்டாய்வு’ என்பார்கள். கூட்டாய்வுகள் தமக்கென ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. அவரை ‘ஸ்போக்ஸ்பர்சன்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டுவிட்டு முதல் வாரம் முழுக்க அவரை ஏதோ பத்திரிகைத் தொடர்பு அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ‘கடவுள் துகள்’ எனப்படும் ஹிக்ஸ் போசான் மீது சிறு வயதிலிருந்தே இருந்த ஆர்வத்தைப் பற்றிக் கட்டுரையில் பத்தி பத்தியாக எழுதுவதால் பயன் குறைவு. விண்ணப்பத்தைப் படிப்பவர், தன் குழுவில் அரைகுறையாக நிற்கும் ஒரு வேலையைப் பத்து வாரத்தில் உங்களால் முடித்துத் தர இயலுமா என்றுதான் பார்க்கிறார். இயலும் என்று காட்ட எளிய வழி ஒன்று உண்டு. ஆய்வு முடிவுகள் வெளியிடப்பட வேண்டும் அல்லது வேறு வகையில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது 1953-இல் கையெழுத்தான செர்ன் உடன்படிக்கையிலேயே உள்ள நிபந்தனை. 2014 முதல் உண்மையான மோதல் தரவுகளும் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கின்றன. அதில் சி.எம்.எஸ். 2010-இல் பதிவு செய்த, இரண்டு மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள்) கொண்ட ஒரு லட்சம் நிகழ்வுகளின், அதாவது மோதல் பதிவுகளின், கோப்பு இருக்கிறது. சாதாரண மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியைக் கொண்டு அந்த மியூவான் இணைகளின் நிறையைக் கணக்கிட்டு வரைந்தால், 3.1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) ஜே-சை, 9.5-இல் உப்சிலான், 91-இல் இசட் போசான் என்று ஒவ்வொரு துகளுக்கும் ஒரு முகடு எழும். நான் அதை விடுதி அறையில் ஒரு வார இறுதியில் வரைந்தேன். என் விண்ணப்பத்தில் உருப்படியாக இருந்தது அதைப் பற்றிய நான்கு வரிகள்தான் என்று பின்னாளில் மேற்பார்வையாளர் சொன்னார்.

வழக்கமாக விண்ணப்பங்களுக்கான கடைசி நாள் ஜனவரி இறுதியில் வரும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் டிசம்பர் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ஜூலையில் காலை வேளைகளில் விரிவுரைகள் இருக்கும். துகள் இயற்பியல் தாள் ஒன்றைப் படித்திருந்தால் அவற்றைப் பின்தொடரலாம்.

வேலைதான் நான் எதிர்பாராத விதத்தில் கடினமாக இருந்தது. இயற்பியல் அதிகம் தேவைப்பட்டதால் அல்ல. நொடிக்கு 4 கோடி முறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், எவற்றைச் சேமிப்பது என்று அந்தக் கணமே முடிவெடுக்கும் அமைப்பை ‘ட்ரிகர்’ என்பார்கள். அது மியூவான்களை எத்தனை சதவீதம் தவறவிடாமல் பிடிக்கிறது என்று வரைந்து காட்டுவது என் பங்கு. மூன்றாம் வாரத்தில் குழுக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினேன். ஜெனீவாவில் மாலை ஐந்து மணி. கலிஃபோர்னியாவில் காலை எட்டு, இந்தியாவில் இரவு எட்டரை, ஜப்பானில் நள்ளிரவு. எல்லோரும் விழித்திருக்க வேறு நேரம் இல்லாததால் கூட்டங்கள் அந்த வேளையில்தான் குவியும். என் வரைபடத்தின் கடைசிப் புள்ளி சரியாக நூறு சதவீதத்தில், அளவீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் பிழைக்கோடே இல்லாமல் நின்றது. எங்கிருந்தோ இணைந்திருந்த ஒருவர் கேட்டார்: “அந்தப் புள்ளியில் எத்தனை நிகழ்வுகள்?” பன்னிரண்டு என்றேன், பன்னிரண்டும் ட்ரிகரில் தேறியவை. “பன்னிரண்டைப் பார்த்துவிட்டு இது ஒருபோதும் தவறாது என்று சொல்கிறீர்களா?” என்றார். பாடப்புத்தகச் சூத்திரத்தை அப்படியே போட்டதில் பிழை பூஜ்யம் என்று வந்திருந்தது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பொருந்தும் கிளாப்பர்–பியர்சன் முறையில் மறுபடி கணக்கிட்டபோது, அந்தப் புள்ளியின் கீழ்ப் பிழைக்கோடு 86 சதவீதம் வரை இறங்கியது. போவதற்கு முன் ஏதாவது ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், புள்ளியியலைப் படியுங்கள்.

இந்தக் கெடுபிடி மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டின் அலுவலகங்களும் நாற்பதாம் எண் கட்டடத்தில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. ஒரே சிற்றுண்டிச் சாலையில்தான் இரு தரப்பும் காபி குடிக்கிறார்கள். ஆனாலும் ஒன்றின் முடிவை மற்றொன்று சரிபார்க்க முடிய வேண்டும் என்பதற்காக, வெளியிடும்வரை தங்கள் அளவீடுகளைப் பகிர்ந்துகொள்வதில்லை. 2012 ஜூலை 4 அன்று இரு கூட்டாய்வுகளும் தனித்தனியே கண்ட ஹிக்ஸ் போசானை அறிவித்தபோது, இரண்டின் நிறையும் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அமைந்ததற்கு அத்தனை மதிப்பு வந்தது அதனால்தான். ஒரு குழுவுக்குள்ளும், ஆய்வுமுறை முழுவதும் உறுதியாகும்வரை முக்கியப் பகுதியின் தரவைத் திறந்து பார்க்கக் கூடாது என்ற வழக்கம் உண்டு.

ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்று வீட்டில் கேட்பார்கள். வராது. கூட்டாய்வில் குறிப்பிட்ட அளவு பொதுப்பணி செய்து தகுதி பெற்றவர்களுக்கே அந்த இடம்; அதிலும் எல்லாப் பெயர்களும் அகர வரிசைதான், முதல் ஆசிரியர் என்று எவரும் இல்லை. ஹிக்ஸின் நிறை பற்றி இரு கூட்டாய்வுகளும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட 33 பக்கக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அவர்களின் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே 24 பக்கங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து யார் என்ன செய்தார் என்று அறிய வழியில்லாததால், நீங்கள் எழுதிய நிரலும், உள் அறிக்கையும், மேற்பார்வையாளரின் கடிதமுமே உங்களுக்குச் சாட்சி. திரும்பும் முன், என்னென்ன செய்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்காமல் கிளம்பி, ஆறு மாதம் கழித்து முனைவர் பட்ட விண்ணப்பத்துக்காக மின்னஞ்சலில் ஒவ்வொன்றாக நினைவூட்ட வேண்டியதாயிற்று.

தேர்வாகவில்லை என்றாலும் வாசல் அடைபட்டுவிடுவதில்லை. இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சி.எம்.எஸ். கூட்டாய்வில் இருக்கின்றன, மோதல் தரவைப் பகிர்ந்து கணினியில் அலசும் உலகளாவிய வலையமைப்பின் ஒரு மையம் மும்பையிலேயே இருக்கிறது. நான் பதறி நின்ற அந்த இரவு எட்டரை மணிக் கூட்டத்தைப் போன்றவற்றில் இங்கிருந்தே உட்காரும் பேராசிரியர்களிடம் கோடைக்காலத் திட்டம் கேட்டு எழுதலாம். எழுதும்போது மியூவான் வரைபடத்தை, பிழைக்கோடுகளைச் சரிபார்த்துவிட்டு, கூடவே இணையுங்கள்.