கிளைடர் டிரெய்லருக்குள் சுண்டெலி: ஐப்பசியிலிருந்து மாசி வரை

தீபாவளி முடிந்து ஒரு வாரம் விட்டு விட்டு மழை. வெயில் தலைகாட்டிய அன்று காலை, தோட்டத்துச் சாளைக்குள், அதாவது கொட்டகைக்குள், நிறுத்தியிருந்த டிரெய்லரைத் திறந்தேன். எங்கள் கிளைடரை, என்ஜின் இல்லாத விமானத்தை, இறக்கையைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறோம். பின்கதவை இறக்கும்போதே மூக்கில் ஏறியது எலி மூத்திர வாடை. மழைக்காலத்தில் மரம் புழுங்கி வரும் வாடை எனக்குப் பழக்கம், இது அதுவல்ல.

இருக்கை மெத்தையில் ஒரு மூலை கிழிந்து பஞ்சு வெளியே கிடந்தது. பஞ்சு சிந்தியிருந்த வழியே போனால் வலது இறக்கையின் அடிமுனை, உடம்போடு சேருமே அந்தப் பக்கம். டார்ச் அடித்துப் பார்த்தேன். தேங்காய்த்தொட்டி அளவில் ஒரு கூடு. மெத்தைப் பஞ்சு, சணல் நூல், என்னுடைய பழைய பருத்திக் கையுறையின் இரண்டு விரல்கள், ஓரமெல்லாம் கடித்துத் துப்பிய கொப்பரைத் தூள். நடுவில் கண் திறக்காத ஆறு குஞ்சுகள், சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தாய் அதற்குள் ஓடிவிட்டது. கூட்டோடு அள்ளிக் கொண்டுபோய் கிளுவை வேலிக்குள் வைத்தேன். அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை.

கிளைடர் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோகிணி வகை. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து 1961இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டு கிளைடர், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், மரச்சட்டம், மேலே துணி. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு ஏலத்தில் எடுத்தோம், மூன்று வருஷமாகச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறோம், இன்னும் பறக்கவில்லை. டிரெய்லர் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது: முப்பதடி நீளம், இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, பிளைவுட் தரை. நிற்கிற இடம்தான் சிக்கல். காங்கேயத்துப் பக்கம், சாளையை ஒட்டியே கொப்பரை உலர்த்தும் களம். ஒரு பக்கம் சோளத்தட்டுப் போர். எலிக்கு விருந்தும் வீடும் ஒரே இடத்தில். மழை பெய்து வரப்பு வளைக்குள் தண்ணீர் இறங்கியதும் அவை மேடும் ஈரமில்லாத இடமும் தேடி வரும், அதில் தப்பே இல்லை.

மெத்தை போனால் போகட்டும், வேறு தைக்கலாம். எனக்கு வயிறு கலங்கியது வேறு இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, இறக்கைத் துணியில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஓட்டை, அதன் பக்கத்தில் துணியை விலாச்சட்டத்தோடு பிடித்துத் தைத்திருக்கும் மெழுகு நூல் மூன்று தையல் கடிபட்டிருந்தது. அந்தத் தையல் விட்டால் பறக்கும்போது மேல்துணி சட்டத்தை விட்டு எழும்பிவிடும். இன்னொன்று இருக்கைக்கு அடியில், விமானத்தை ஓட்டப் பிடிக்கும் கன்ட்ரோல் ஸ்டிக்கின் இணைப்புகள் அசையும் குழிவில், ஒரு பிடி பஞ்சும் கடலைத்தோலும். இரண்டாவது கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது. ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்தால் அந்தப் பஞ்சில் போய் முட்டுகிறது. அதைக் கையால் உணர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தரையில் இருக்கும்போது முட்டினது நல்லதாகப் போயிற்று.

சுத்தம் செய்தது பற்றி ஒரு வார்த்தை. விளக்குமாறு எடுத்துக் கூட்டாதீர்கள், தூசி பறந்து மூக்குக்குள் போகும். முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தேன். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் பரவுகிறது. உலோகப் பாகங்களில் அந்தக் கரைசலை விட்டுவைக்கக் கூடாது, அரித்துவிடும், உடனே வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவைத்தேன். மூத்திரமும் அலுமினியத்தை அரிக்கும், கேபிளின் இழைகளுக்குள் புகுந்து துரு ஏற்றும். அதனால் வால்பக்கத்துச் சுக்கானை இழுக்கும் ரட்டர் கேபிளை முழு நீளத்துக்கும் வெள்ளைத் துணியால் உருவிப் பார்த்தேன், அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். மாட்டவில்லை. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன், இருட்டில் அடித்தால் மூத்திரம் பட்ட இடம் வெளிறி ஒளிர்கிறது. நான் சுத்தமாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னும் நாலு தடம் தெரிந்தது.

அப்புறம் ஒரு மாதம் எல்லாரும் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். அந்துருண்டை போட்டேன், அதற்கு ஒரு முழம் தள்ளியே புதுப் புழுக்கை கிடந்தது, அந்துருண்டை வாடைதான் இன்றைக்கும் இருக்கையில் போகவில்லை. பிளக்கில் மாட்டும் ஒலிக்கருவி முதல் மூன்று நாள் பலித்த மாதிரி இருந்தது, நாலாம் நாள் அதன் மேலேயே புழுக்கை. பசை அட்டையில் ஒரு பல்லியும் ஒரு அரணையும் ஒட்டிக்கொண்டன, எண்ணெய் விட்டுப் பிரித்து விடுவதற்குள் போதும் என்றாகிவிட்டது, இனி அதைத் தொட மாட்டேன். விஷக்கட்டி வைக்கவே இல்லை. விஷம் தின்ற எலி இறக்கைக்குள் போய்ச் செத்தால் எடுக்கத் துணியைக் கிழிக்க வேண்டும். அது போக, எங்கள் களத்துப் பனைமரத்தில் ஒரு கூகை இருக்கிறது, ராத்திரியெல்லாம் எலி பிடிப்பது அதுதான், விஷம் தின்ற எலியைத் தின்றால் அதுவும் போய்விடும்.

கார்த்திகையில்தான் புத்தி வந்தது. எலியோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை. சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி ஆறேழு வாரத்தில் குட்டி போடத் தயார். நான் பிடிக்கிற வேகத்துக்கு அது நிற்காது. வழியை அடைப்பதுதான் வேலை. வழி எது என்று முதலில் தெரிய வேண்டும்.

கோலப்பொடி உதவியது. அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரும், வெள்ளைக்கல் பொடி. சாயங்காலம் டிரெய்லரைச் சுற்றியும் உள்ளே தரையிலும் சல்லடையில் மெல்லிசாகத் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால் எழுதி வைத்தது போல இருந்தது: முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் அஞ்சு, நடுவில் வால் இழுத்த கோடு. அந்தக் கோடு டிரெய்லரின் வலது டயரில் ஏறி, சக்கரக் கூட்டுக்குள் மறைந்து, உள்ளே தரையின் மூலையிலிருந்து கிளம்பி நேரே இருக்கைக்குப் போயிருந்தது. பின்கதவு வழியாக வருகிறது என்று நான் ஒரு மாதமாக அங்கேயே பொறி வைத்துக்கொண்டிருந்தேன். அது அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த நாள் உச்சி வெயிலில் டிரெய்லரைச் சாளைக்கு வெளியே இழுத்து நிறுத்தி, நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, மாமன் மகனைக் கதவைச் சாத்தச் சொன்னேன். "வெளிய பூட்டிப் போட்டுட்டுப் போயிருவனாட்ட இருக்குதுங் மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சாத்தினான். கண் இருட்டுக்குப் பழக அஞ்சு நிமிஷம் ஆனது. பழகியதும் ஒவ்வொன்றாக வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. விளக்கு வயர் நுழையும் துளை, கூரைத் தகடு சேருமிடம், கதவு ரப்பரின் கீழ்மூலை என்று பதினோரு இடம், ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டேன். ஆனால் தரைக்கு அடியில் வெயில் போகாது, அதனால் ராத்திரி அவனை எல்இடி விளக்கோடு அடியில் படுக்கச் சொல்லி மறுபடி உள்ளே உட்கார்ந்தேன், இன்னும் ஆறு. சக்கரக் கூட்டின் மூலையில் பிளைவுட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. பென்சில் நுழைகிற ஓட்டை போதும் சுண்டெலிக்கு, மண்டை நுழைந்தால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும். வெளிச்சத்தில் தெரியாத ஒன்றும் இருந்தது, வண்டியோடு கொக்கி மாட்டும் சதுரக் குழாய். அது வெளிமுனையிலும் திறந்திருக்கிறது, உள்முனையிலும் திறந்திருக்கிறது. தட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து கடலைத்தோல் கொட்டியது.

அடைப்பதற்கு முதலில் நுரை ஸ்பிரே அடித்தேன், ரெண்டு ராத்திரியில் குடைந்துவிட்டது. நுரை, ரப்பர், சிலிகான், பிளாஸ்டிக் எதுவும் தனியாக நிற்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் கம்பிநாரை இறுக்கித் திணித்து அதற்கு மேல் சிலிகான் பூசியதுதான் நிற்கிறது, கம்பி பல்லில் சிக்கினால் எலி விட்டுவிடுகிறது. சாதா இரும்புநார் வாங்காதீர்கள், ஒரே மழையில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், துரு மரத்தில் இறங்கும். பெரிய இடைவெளிகளுக்கு அலுமினியத் தகடு வெட்டி ரிவிட் அடித்தேன். கொக்கிக் குழாயின் இரண்டு முனைக்கும் மூடி வெல்டிங் வைத்தோம், தண்ணீர் நிற்காமலிருக்க அடியில் ஒரு சின்னத் துளை மட்டும் விட்டு. கதவு ரப்பரின் வெளிப்பக்கம் முழுக்க ஸ்டெயின்லெஸ் பட்டை.

எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பழைய மரக் கிளைடருக்கு எலியை விடப் பெரிய எதிரி ஈரம். காற்று ஓடாத பெட்டிக்குள் கார்த்திகை ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், பசை ஒட்டு விடும், அது வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. அதனால் முன்னும் பின்னும் இருந்த காற்றுத் துவாரங்களை அடைக்காமல், 6 மில்லிமீட்டர் கண்ணுக்கு மேல் போகாத வெல்டு கம்பிவலையை உள்பக்கமாக வைத்து, அதற்கு மேல் கொசுவலையும் வைத்தேன். கொசுவலை குளவிக்கு. போன வருஷம் காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, இப்போது அதற்குத் தனியாகச் சிவப்பு நாடா தொங்கும் உறை.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த போது அப்பத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஏஞ்சாமி, தென்ன மரத்துல எலி ஏறாம தகரம் கட்டறமல்லொ, அதாட்ட இதுக்கும் கட்டிப்போட்டா ஆகாதா?" என்றது. எனக்கு அது தோன்றவே இல்லை. தோப்பில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு அடி அகலத்துக்கு மேல் வழவழப்பான தகரம் சுற்றியிருக்கிறது, நான் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தது. எலி நகம் மாட்ட இடமில்லாவிட்டால் ஏறாது, அவ்வளவுதான் விஷயம்.

மறுநாளே டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஆறு இரும்பு ஸ்டாண்டின் மேல் நிறுத்தினேன். ஸ்டாண்ட் ஒவ்வொன்றுக்கும் தகரப்பட்டறையில் சொல்லி, கவிழ்த்த புனல் மாதிரி ஒரு பாவாடை அடித்து வாங்கி மாட்டினேன். தரைக்கும் டிரெய்லர் அடிப்பாகத்துக்கும் இரண்டரை அடி. சுண்டெலி ஒரு அடி வரை எம்பும், பெரிய எலி இன்னும் கூட எம்பும், அதனால் சுற்றிலும் மூன்றடிக்கு எதையும் சாத்தி வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சோளத்தட்டுப் போரையும் களத்தின் அந்தக் கடைசிக்கு மாற்றினோம், அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், மாட்டுக்குத் தட்டு சுமக்க இப்போது தூரம். சாளைக் கூரையிலிருந்து டிரெய்லர் மேலே விழுகிற மாதிரி தொங்கிய கயிறு இரண்டையும் அறுத்தேன்.

அப்புறம் பொறி. இப்போது அது எலியைத் தீர்ப்பதற்கு அல்ல, உள்ளே எதுவும் வந்திருக்கிறதா என்று எனக்குச் சொல்வதற்கு. முதலில் சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்தேன், தொடவே இல்லை. கொப்பரைக் களத்து எலிக்குத் தேங்காய் வைத்தால் எப்படி வரும்! மசால்வடைக்கும் வரவில்லை. கடைசியில் பொறியின் கொக்கியில் வெறும் பஞ்சை நூலால் இறுக்கிக் கட்டி வைத்தேன். தின்பதற்குத்தான் வெளியே எல்லாம் கிடக்கிறதே, அது உள்ளே தேடி வந்தது கூடு கட்டப் பஞ்சு. முதல் வாரத்தில் மூன்று மாட்டின, அவை அடைப்பதற்கு முன்பே உள்ளே தங்கிவிட்டவை. மார்கழி இரண்டாம் வாரத்திலிருந்து ஒன்றும் இல்லை.

கிளைடரையும் தனியாகப் பார்த்துக்கொண்டேன். மெத்தை, பெல்ட், கையுறை, துணி எல்லாம் மூடி போட்ட தகர டிரம்முக்கு மாறிவிட்டன. இறக்கை அடிமுனைத் துவாரங்களுக்கு ஸ்பாஞ்ச் வைத்திருந்ததை எடுத்துவிட்டு, துளையிட்ட அலுமினியத் தகட்டில் மூடி செய்தேன், சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. பறக்கும் முன் எடுக்க மறந்துவிடக் கூடாது, எல்லா எண்ணும் கைக்கு வந்தால்தான் இறக்கை மாட்டுவது. ஓட்டைக்கு ஒட்டுத்துணி போட்டு, துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசினேன், அறுந்த தையலோடு பக்கத்து விலாச்சட்டங்களையும் பிரித்து மறுபடி தைத்தேன். இதையெல்லாம் உரிமம் உள்ள பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அதற்கு முன் அந்த இறக்கை மேலே போகாது.

நேற்று மாசி முதல் ஞாயிறு. கோலப்பொடி தூவி இன்றைக்குக் காலை பார்த்தேன். வெளியே தரையில் எலித்தடம் நிறைய, இரண்டு ஸ்டாண்டின் அடியில் நாலைந்து முறை சுற்றி வந்திருக்கிறது, ஒன்று தகரப் பாவாடை வரைக்கும் ஏறி இறங்கியிருக்கிறது. உள்ளே தரையில் பொடி நேற்றுத் தூவினபடியே இருந்தது, ஒரு பல்லி மட்டும் குறுக்கே போயிருக்கிறது. பின்கதவின் இடது கீழ்மூலையில் ஸ்டெயின்லெஸ் பட்டை லேசாக வளைந்து எழும்பி நிற்கிறது, இந்த வாரம் அதற்கு இன்னும் இரண்டு ரிவிட் அடிக்க வேண்டும்.