இடர்ப் பதிவேட்டில் ‘எப்போது’ என்று ஒரு கட்டம்

மகளிர் சுய உதவிக் குழுக்களோடு சேர்ந்து பாக் விரிகுடாவில் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் அமைக்கும் திட்டமொன்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, நிதி வழங்கிய நிறுவனம் முதல் தவணையை விடுவிப்பதற்கு முன் ‘ரெய்டு’ பதிவேடு ஒன்றைக் கேட்டது. இடர், அனுமானம், சிக்கல், சார்பு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்துக் கண்காணிக்கும் அட்டவணை அது. இதற்கான ஆயத்தப் படிவங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது நான்கு தாள்கள் கொண்ட எக்செல் கோப்பு. ஒவ்வொரு தாளிலும் வரிசை எண், விவரம், பொறுப்பாளர், நிலை ஆகிய கட்டங்கள் இருந்தன. இடர்த் தாளில் மட்டும் நிகழ்வாய்ப்புக்கும் பாதிப்புக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டால், இரண்டும் பெருக்கப்பட்டு 25-க்குள் ஓர் எண் வரும். அதற்கேற்பக் கட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் மாறும்.

முதல் தடங்கல் அந்த மதிப்பெண்ணிலேயே வந்தது. ‘கடல் கொந்தளிப்பால் மிதவைகள் அறுந்துபோகலாம்’ என்ற வரிக்கு எல்லோருடைய ஒப்புதலோடும் நிகழ்வாய்ப்பு 3 என்று எழுதினோம். குழுத் தலைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கார்த்திகையில அஞ்சு போட்டாலும் பத்தாது, ஆனியில ஒண்ணு போட்டாலே அதிகம். நீங்க மூணுன்னு போட்டா எந்த மாசத்துக்குன்னு நெனைக்கிறது?” என்று கேட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகடல், அதாவது பாக் விரிகுடா, பொங்கும். தென்மேற்கிலிருந்து காற்று வீசும் கச்சான் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா பொங்க, வடகடல் குளம்போல் கிடக்கும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை இட்டால், அது எந்த மாதத்துக்கும் பொருந்தாத சராசரியாகவே இருக்கும். இடர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்குப் பிரின்ஸ்2 என்னும் திட்ட மேலாண்மை முறையின் இடர்ப் பதிவேட்டில் தனி இடம் உண்டு; நான் எடுத்த படிவத்தில் அது இல்லை. ஆகவே ‘எப்போது’ என்றொரு கட்டத்தைச் சேர்த்து, தமிழ் மாதங்களையே எழுதினோம். கோடையில் நீர்ச்சூடு ஏறிப் பாசியின் தண்டு வெளுத்து உதிர்வது ஒரு வரியாகவும், வாடையில் கயிறு அறுவது வேறொரு வரியாகவும் பிரிந்தன. ஓரா மீன் வந்து கொழுந்தைக் கடிப்பதற்குக் காலம் குறிக்க முடியவில்லை. மிதவையின் அடியில் வலை கட்டுவதை மட்டும் தடுப்பு நடவடிக்கையாக எழுதினோம்.

அனுமானத் தாளைத்தான் பலரும் ஒப்புக்கு நிரப்புகிறார்கள் என்பது என் எண்ணம். எங்கள் திட்ட வரைவில், மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஓய்வில் இருப்பார்கள், மூங்கில் கட்டுவதற்கு ஆள் எளிதில் கிடைக்கும் என்றொரு வரி இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது; ஆகையால் இங்கே படகு நின்றவுடன் கேரளப் படகுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. நாட்டுப்படகுக்காரர்களுக்கோ இந்தத் தடையே பொருந்தாது. இந்த அனுமானத்துக்கு எதிரே, தடை தொடங்குவதற்கு முன்பே பங்குனிக்குள் ஊர்ஊராக விசாரித்து உறுதிசெய்ய வேண்டும் என்று நாளும் பொறுப்பாளரும் குறித்தோம். விசாரித்ததில் அது பாதியளவே நின்றது. உடனே அந்த வரியை அனுமானத் தாளில் மூடி, ‘ஆள் பற்றாக்குறை’ என்று இடர்த் தாளுக்கு மாற்றினோம். பழைய வரிசை எண்ணைப் புதிய வரியில் குறித்து வைத்ததால், அது எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் படிப்பவரும் அறிய முடிந்தது.

மாற்றுத் திட்டக் கட்டத்திலும் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. வடகடலில் இடம் சரிப்படாவிட்டால் தென்கடலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆலோசகர் எழுதியிருந்தார். தென்கடல் பக்கம் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது, 1986-இல் அறிவிக்கப்பட்டது. நாங்கள் வளர்க்கவிருந்த கப்பாபைகஸ், ஊரார் வழக்கில் ‘பெப்சி பாசி’, வெளிநாட்டு இனம். குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்திருப்பது 2008-இலேயே பதிவாகியிருக்கிறது. அங்கே கொண்டுபோவது மாற்றுத் திட்டமே ஆகாது என்பதால் அந்த வரியை அடித்துவிட்டோம்.

சார்புத் தாளில் ‘நாம் யாரை நம்பியிருக்கிறோம்’, ‘நம்மை யார் நம்பியிருக்கிறார்கள்’ என்று இரண்டாகப் பிரித்தது பெரிதும் உதவியது. 12 அடிக்கு 12 அடி மிதவை ஒன்றுக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி வேண்டும். கடலிலிருந்து எடுத்த பாசியைக் கரையில் நெடுநேரம் வைத்திருக்க இயலாது. ஆகவே விதைப்பாசி வரும் நாளுக்கு முன்பே மூங்கில் கட்டி முடித்திருக்க வேண்டும். மூங்கில் வர வேண்டுமானால் வங்கிக் கடன் கைக்கு வந்திருக்க வேண்டும். விதை தருகிற விவசாயிக்கோ தன் 45 நாள் அறுவடைச் சுற்று முக்கியம். நாங்கள் தாமதித்தால் அவர் பாசியைக் காயவைத்து வியாபாரிக்கு விற்றுவிடுவார். ‘கடன் நிலுவை’ என்று மட்டும் எழுதியிருந்த வரியில், எந்த நாளுக்குமேல் தாமதித்தால் விதை கைநழுவும் என்பதையும் சேர்த்த பிறகே, வங்கிக் கிளைக்குப் போகும் பொறுப்பாளரின் நடையில் வேகம் வந்தது.

சிக்கல் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடக்கக்கூடியது இடர், நடந்துவிட்டது சிக்கல் என்ற பிரிவினையை எல்லோரும் எளிதில் பிடித்துக்கொண்டார்கள். வாரக் கூட்டத்தில் முதலில் சிக்கல்களையும், பிறகு ‘எப்போது’ கட்டத்தில் அந்த மாதமும் அடுத்த மாதமும் குறித்த வரிகளையும் மட்டும் படித்தோம். நிறத்தை வைத்து வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டோம். நிதி நிறுவனத்துக்கு அனுப்பும் காலாண்டுப் பிரதியில் மட்டும் பெருக்கல் மதிப்பெண்ணும் நிறமும் இன்றும் இருக்கின்றன; அந்த எண்ணை மாதத்துக்கு மாதம் மாற்றி அனுப்புகிறோம்.