நாற்பது போல்ற்றும் சோளகக் காற்றும்

அத்திவாரத்தில் புதைத்த நாற்பது போல்ற்றில் நாலு பிழையாகிப் போனது. எங்கள் களஞ்சியத்தின் இரும்புச் சட்டம் எழும்பிய கதையை அந்த நாலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் புத்தூரில், நிலாவரைக் கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைப்பதற்காகக் கட்டியது. 40 அடி அகலம், 80 அடி நீளம், லொறி உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்பதால் நடுவில் தூணே இல்லை. 20 அடிக்கு ஒன்றாக ஐந்து சட்டம் (இரண்டு தூணும் மேலே அவற்றை இணைக்கும் வளையும், அதாவது உத்திரமும், சேர்ந்தது ஒரு சட்டம்), பத்துத் தூண், தூணுக்கு நாலு போல்ற். செம்மண்ணை மூன்றடி தோண்டினதும் சுண்ணாம்புக் கல் வந்துவிட்டது. கல்லுடைக்கும் மெஷினுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அத்திவாரம் கல்லில் இருக்கிறது, அது ஒரு நிம்மதி.

பிளைவூட்டில் துளை போட்டு, அதில் போல்ற்றுகளைச் செருகி நிறுத்திவிட்டுத்தான் கொங்கிறீற் போட்டோம். ஒன்பதாவது தூணில் யாரோ பலகையில் மிதித்திருக்கிறார்கள். அடுத்த நாள் மூலைக்கு மூலை நாடா பிடித்தோம். 40க்கு 80 என்றால் குறுக்கு அளவு 89 அடி ஐந்தேகால் அங்குலம் வரவேண்டும், அது சரியாகவே வந்தது. நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். ஒன்பதாவது மூலைத் தூண் இல்லை என்பது மண்டையில் ஏறவில்லை. பிறகு ஒவ்வொரு தூணாகப் பார்த்தபோதுதான் அதன் நாலு போல்ற்றும் ஒன்றாக 15 மில்லிமீற்றர் கிழக்கே போயிருந்தது தெரிந்தது.

"ரெண்டு அடி அடிச்சு வளைச்சு விடுறன்" என்றார் மேசன். பொறியியலாளர் தம்பி கையைப் பிடித்துத் தடுக்காத குறை. வளைத்த போல்ற் மேலே இழுக்கும்போது முதலில் நிமிரத்தான் பார்க்கும், தூணைப் பிடித்திருக்காது என்றார். தூணின் அடிப் பிளேற்றில் துளைகளை நீளமாக்கினோம். போல்ற் அளவுக்குத் துளையிட்ட தடித்த இரும்புத் துண்டுகளை அதன் மேல் போட்டு, தூண் நிமிர்ந்த பிறகு சுற்றிவர வெல்டிங் அடித்தோம். தூண் நிலத்தில் கிடந்தபோதே துளையை வெட்டியதால் அரை நாளோடு போனது. கிறேனில் தொங்கும்போது தெரிந்திருந்தால் மணித்தியாலக் கணக்கில் வாடகை ஓடியிருக்கும்.

இரும்பு கொழும்பில் இருந்து இரண்டு லொறியில் வந்தது. ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் எழுதியிருந்தது, ஆனால் முதலில் வேண்டியது எல்லாம் அடியில். பனங்குற்றி போட்டு அதன்மேல் பிரித்து அடுக்க ஒரு முழு நாள் போனது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அம்மா தூண் நிறுத்தவே விடமாட்டேன் என்று நின்றார். கோயில் ஐயாதான் காப்பாற்றினார்: நாட்கல் வைகாசியிலேயே வைத்தாயிற்று, இனி நடப்பது மிச்ச வேலை. அம்மாவுக்கு ஆடி, எனக்குச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று. அந்தக் காற்று பத்து மணிக்குப் பிறகு பனையோலையைச் சடசடக்க வைக்கும்போது, 40 அடி வளையைக் கிறேனில் தொங்கவிட்டால் அது பட்டம் மாதிரித்தான். இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆள் பிடித்தாலும் ஆளையே இழுக்கும். இரும்பு பூட்ட வந்த ஆட்களின் தலைவர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணை, விடிய ஆறுக்குத் தொடங்குவம். பத்துக்கு மேல நீங்கள் சொன்னாலும் தூக்கமாட்டன்."

ஒரு சட்டம் தனியாக நிற்கும் நேரம்தான் இந்த வேலையிலேயே பயங்கரமானது. முடிந்த கட்டடத்தைப் பார்ப்பவருக்கு அது விளங்காது. இரண்டு தூணும் முகட்டில் சேர்ந்த வளையும் தன் தளத்தில் கெட்டியாக நிற்கும், பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுக்கட்டு. அதனால் முன்னும் பின்னும் கம்பி வடம் இழுத்துக் கட்ட வேண்டும். வழக்கமாக நிலத்தில் இரும்பு முளை அறைவார்களாம். எங்கள் நிலத்தில் மூன்றடிக்குள் கல், அதற்கு மேல் உதிரும் செம்மண், முளை பிடிக்கவில்லை. முன்கூட்டியே 3 அடி சதுரத்தில் 2 அடி உயரமான நாலு கொங்கிறீற் கட்டை வார்த்து வைத்தோம். ஒன்று ஒரு தொன்னுக்கு மேல் வரும். பொறியியலாளர் கணக்குப் பார்த்து ஓமென்ற பிறகே வடம் கட்டினோம்.

வடம் இறுகி, ஒவ்வொரு இணைப்பிலும் குறைந்தது இரண்டு போல்ற் ஏறும்வரை கிறேன் கொக்கியைக் கழற்ற விடவில்லை. இரண்டாவது சட்டம் ஏறி, இரண்டுக்கும் இடையில் பர்லின்களும் (கூரைத் தகட்டைத் தாங்கும் நீள இரும்புகள்) குறுக்குக் கம்பிகளும் பூட்டியதும் ஒரு பெட்டி மாதிரி ஆனது. அதன் பிறகுதான் நான் தேத்தண்ணி குடித்தேன். மற்ற மூன்று சட்டமும் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏறின. நடுவில் ஒரு பையன் பெல்ற்றை மாட்டாமல் வளைமேல் நடந்தான். பாஸ் கத்திய கத்தில் றோட்டில் போனவர்களும் நின்று பார்த்தார்கள்.

போல்ற்றை உடனே இறுக்கிவிடுவோமே என்று நான் கேட்டேன். "இப்ப இறுக்கினா பிறகு கட்டடம் உங்கட சொல்லுக் கேக்காது, அண்ணை" என்றார் பாஸ். சரி, கைப்பிடிக்கு மட்டும் இறுக்கி விட்டுவிட்டு, அடுத்த நாள் தூக்குக்குண்டு பிடித்தோம். காற்றில் குண்டு ஆடிக்கொண்டே நின்றது. பாஸ் ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, குண்டை அதற்குள் தொங்கவிட்டார். ஆட்டம் நின்றுவிட்டது. 18 அடித் தூண், 500க்கு 1 என்ற கணக்கில் 11 மில்லிமீற்றர் வரை சாயலாம் என்றிருந்தது. எங்களுடையதில் மோசமானது 7. அதையும் விடியற்காலையில்தான் பார்த்தோம். வெயில் ஏறி இரும்பு 15 பாகை சூடானால் 80 அடி நீளத்துக்கு நாலு மில்லிமீற்றருக்கு மேல் நீளும், மத்தியானம் எடுத்த அளவை நம்பக் கூடாது.

அளவு சரியானதும் நீளக் கைபிடிச் சாவியால் எல்லாவற்றையும் முழுதாக இறுக்கி, ஒவ்வொரு போல்ற்றிலும் மஞ்சள் பெயின்ற்றால் கோடு போட்டார்கள். கோடில்லாத போல்ற்றைத் தேடுவதை என்னிடம் விட்டார்கள். பதினொன்று கண்டுபிடித்தேன். அடிப் பிளேற்றுக்கும் அத்திவாரத்துக்கும் இடையில் நட்டால் மட்டம் பிடித்து 40 மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருந்தோம். அதில் சுருங்காத கலவையை ஒரு பக்கத்தால் ஊற்றி மறுபக்கம் வழியும்வரை நிரப்பினார்கள். சுரண்டுப்பட்ட இடங்களுக்கும் வெல்டிங் அடித்த இடங்களுக்கும் பிறைமர் பூசினோம். யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் அதைத் தள்ளிப்போட முடியாது.

நல்லூர்த் தேருக்கு ஆட்கள் வரவில்லை, கேட்கவும் இல்லை. கொடியேறினதில் இருந்து சமையல் மரக்கறிதான். தெற்கில் இருந்து வந்த இரண்டு பையன்கள் மட்டும் கருவாடு கேட்டு அம்மாவை முகம் சுளிக்க வைத்தார்கள்.

கூரைத் தகடு போட்டு முடித்த பின்னேரம் வடங்களைக் கழற்றினார்கள். போகும்போது பாஸ் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கொங்கிறீற் கட்டையளைத் தருவியளோ அண்ணை? அடுத்த வேலை அச்சுவேலியில. அங்கையும் கல்லுத்தான்." மூன்றை ஏற்றிக்கொண்டு போனார். லொறியில் இடமில்லாமல் நாலாவது கிணற்றடியில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் உடுப்புத் தோய்க்கிறார்.