ஓரெட்டி ஆத்துல 93 வருஷம் கெடந்த ரயில் இன்ஜின தோண்டி எடுத்த கதை

"இன்ஜின ஆத்துல போட்டானா? எந்த கிறுக்கன் போட்டான்?" எங்கப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். அவரு திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல பாய்லர் ஷாப்புல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அவரைப் பொறுத்தவரைக்கும் ஸ்டீம் இன்ஜின ஆத்துல தள்ளுறதும் கோயில் யானைய ஆத்துல தள்ளுறதும் ஒண்ணுதான். நான் இருக்குறது நியூசிலாந்து, தெற்குத் தீவோட அடிமட்டம், இன்வர்கார்கில். வெல்டிங் வேலை. ஒர்க்‌ஷாப்ல கூட வேலை பாக்குற ஒரு பெரியவர் ஒருநாள் டீ டைம்ல (இங்க அதுக்கு ஸ்மோகோன்னு பேரு, யாரும் சிகரெட் புடிக்கலன்னாலும் ஸ்மோகோதான்) ஆத்துல இருந்து ரெண்டு ரயில் இன்ஜின எடுக்கப் போறோம், மண்வெட்டி புடிக்க ஆள் வேணும், வர்றியான்னு கேட்டாரு. ஏதோ உள்ளூர் ஜோக் போலன்னு நெனச்சு சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

ஜோக் இல்ல. நியூசிலாந்து ரயில்வே 1920கள்ல பழைய இன்ஜின எல்லாம் கழிக்கும்போது இரும்புக்கு பெருசா விலை இல்ல, வெட்டி ஏத்தி அனுப்புற கூலிக்கே கட்டாது. அதே சமயம் ஆத்தோரமா போற லைனை ஆறு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கல்லு கொண்டு வந்து கொட்டுறதுக்கு பதிலா இன்ஜினையே கரையில உருட்டி விட்டா கரையும் நிக்கும், குப்பையும் தீரும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. கழட்ட முடிஞ்ச பித்தளை, செம்பு, உருப்படியான பார்ட்ஸ் எல்லாம் உருவிட்டு மிச்சத்த தள்ளிட்டாங்க. நம்ம ஊர்ல வாய்க்கா கரை உடைஞ்சா பழைய லாரி டயரைப் போட்டு மண்ண கொட்டுற மாதிரிதான், சைஸ்தான் கொஞ்சம் பெருசு.

நாங்க எடுத்தது V கிளாஸ் இன்ஜின் ரெண்டு, நம்பர் 127, 136. மான்செஸ்டர் பக்கத்துல நாஸ்மித் வில்சன் கம்பெனி 1885ல செஞ்சது. அந்தக் காலத்துலயே அதுக்கு பெரிய பஞ்சாயத்து, ஆர்டர் குடுத்து வந்து சேர லேட்டு, வந்தப்புறம் பாத்தா சொன்ன வெயிட்ட விட அதிகம். இருந்தாலும் எக்ஸ்பிரஸ் எல்லாம் இழுத்துச்சு, சுமார் 40 வருஷம் ஓடிட்டு 1927ல லம்ஸ்டன்ங்கற ஊர் பக்கத்துல மரரோவா ஜங்ஷன்கிட்ட ஓரெட்டி ஆத்துல போய் படுத்துச்சு. இதை அப்பாகிட்ட சொன்னதும் அவரு விரல் விட்டு எண்ணிட்டு, "நம்ம பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆரம்பிச்சது 1928. இங்க ஒர்க்‌ஷாப்புக்கு செவரு எழுப்பிட்டு இருக்கும்போது அங்க அவன் இன்ஜின ஆத்துல தள்ளிக்கிட்டு இருந்திருக்கான்"னாரு. அன்னிலேர்ந்து இது அவரோட பர்சனல் பிரச்சினை ஆயிடுச்சு.

எடுக்குற வேலைய முன்னால நின்னு செஞ்சது லம்ஸ்டன்ல இருக்குற ஹெரிட்டேஜ் டிரஸ்ட். நான் வெறும் எடுபிடி, அதுவும் கடைசி நேரத்துல வந்து ஒட்டுனவன், அதனால முன்னாடி நடந்த ஏற்பாடெல்லாம் கேள்விப்பட்டதுதான். ஒண்ணு மட்டும் புரிஞ்சுது, இந்த மாதிரி வேலையில பெரும்பங்கு பேப்பர்தான். ஆறு யாருக்கும் சொந்தமில்ல, ஆனா அதுல மண்வெட்டி வைக்கணும்னா எல்லாரும் வந்துருவாங்க. ஓரெட்டி பிரவுன் டிரவுட் மீனுக்கு பேர் போன ஆறு, அதை காப்பாத்தவே 2008ல தனியா ஒரு ஆர்டர் போட்டு வெச்சிருக்காங்க. டிரவுட் முட்டை போடுறது குளிர்காலத்துல, அப்போ ஆத்த கலக்க முடியாது. வசந்தத்துல கறுப்பு அலகு கடற்காகம் ஆத்து நடுவுல சரளைக்கல்லு மேல கூடு கட்டும், அது அழிஞ்சிட்டு வர்ற பறவை, அப்பவும் முடியாது. தண்ணி கம்மியா இருக்கணும், மீனும் குருவியும் சும்மா இருக்கணும், டிக்கர் (மண்ணு தோண்டுற மெஷின்) ஓட்டுறவர் ஃப்ரீயா இருக்கணும். இது எல்லாம் கூடி வர்றது ஜனவரி கடைசிதான் (இங்க அது கோடைகாலம்). கல்யாண முகூர்த்தம் பாக்குறது இதவிட ஈஸி.

அப்புறம் இங்க டிடிமோன்னு ஒரு பாசி இருக்கு, 2004ல நாங்க இருக்குற இதே சவுத்லேண்ட் பக்கம்தான் நாட்டுலயே முதல்ல கண்டுபுடிச்சாங்க, பாறை மேல பழைய கம்பளிய போட்டு மூடுன மாதிரி படரும். ஒரு ஆத்துல இருந்து இன்னொரு ஆத்துக்கு பூட்ஸ்ல ஒட்டிட்டு போயிடும். அதனால பூட்ஸ், மண்வெட்டி, சங்கிலி எல்லாத்தையும் கழுவி காயவெச்சுதான் எடுத்துட்டு போகணும். நான் முதல் நாள் நல்ல பிள்ளையா வீட்டுலயே எல்லாத்தையும் கழுவி காயவெச்சு எடுத்துட்டு போனேன், போன இடத்துல ஒரு அம்மா பூட்ஸ திருப்பிப் பாத்துட்டு அடியில இருந்த ஒத்த புல்ல காட்டி மறுபடி கழுவ சொன்னாங்க.

வேலைய பத்தி சொல்றேன். வெளியில பாக்க தெரியுறது கொஞ்சூண்டு துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஏதோ ஒண்ணு, மிச்சமெல்லாம் சரளைக்குள்ள. தோண்டுனா குழியில தண்ணி ஊறும், பம்ப் போட்டு எறச்சா அந்தப் பக்கம் ஊறும், சரளை ஆத்துல குழி வெட்டுறது சல்லடையில தண்ணி மொள்ளுற கதைதான். முதல் பம்ப் ஒண்ணு வாடகைக்கு வந்தது, எங்க வந்ததுன்னு சொல்ல வேணாம், ஒரு மணி நேரம் ஓடிட்டு கல்லு உறிஞ்சி நின்னு போச்சு, அதை பிரிச்சு கல்ல எடுத்து மாட்டுறதுக்குள்ள குழி பழையபடி குளம். மண்வெட்டியோட நாலு பேரு அந்த குளத்த பாத்துக்கிட்டே சாண்ட்ஃப்ளை கடிய சொறிஞ்சுக்கிட்டு நின்னோம். கொசுவெல்லாம் இதுக்கு முன்னாடி தெய்வம், சாண்ட்ஃப்ளை கடிச்சா ஒரு வாரத்துக்கு ராத்திரி தூக்கத்துல சொறிவீங்க.

டிக்கர் இருக்கும்போது மண்வெட்டி எதுக்குன்னு எனக்கும் தோணுச்சு. டிக்கரோட பக்கெட் இரும்பு, இன்ஜினும் இரும்பு, ஆனா இது 93 வருஷம் ஈரத்துல ஊறுன இரும்பு, பக்கெட் பல்லு ஒரு தட்டு தட்டுனா சிலிண்டர் ஓரம் உடைஞ்சு வந்துரும். அதனால கிட்ட போற வரைக்கும் டிக்கர், அப்புறம் கையால. ஃப்ரேம் எங்க போகுது, ஆக்சில் எங்க இருக்குன்னு தடவித் தடவி பாக்கணும். எனக்கு விழுந்த வேலை வீல் பக்கம். ஸ்போக்குக்கு நடுவுல கல்லு சிமென்ட் மாதிரி இறுகி கெடந்துச்சு, துருவும் சரளையும் சேர்ந்து ஒரே கட்டி, கடப்பாரைய வெச்சு நெம்பி நெம்பி எடுத்தேன். இடுப்பளவு குழியில முட்டி போட்டு, ஒரு கால் சேத்துல மாட்டி, காலை உருவுனா பூட்ஸ் உள்ளேயே நின்னுருச்சு. அந்த பூட்ஸ எடுக்க ரெண்டு பேரு வேண்டியதாச்சு. அப்பவே என்னைய ஒன் பூட் (ஒத்த பூட்ஸ்)னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

ஸ்மோகோவுல எல்லாரும் மின்ஸ் பை தின்னாங்க, நான் லெமன் சாதம் கட்டிட்டு போயிருந்தேன். டிக்கர் ஓட்டுன அண்ணன் ஒரு வாய் வாங்கி தின்னுட்டு அதுல கெடந்த வறுத்த மொளகாயையும் சேத்து மென்னுட்டாரு. பத்து நிமிஷம் டிக்கர் ஓடல.

அன்னிக்கு சாயங்காலம் (ஜனவரில இங்க ஒம்போதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால சாயங்காலம்னா ரொம்ப நீளம்) அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். நம்ம ஊர்ல அப்ப மத்தியானம். முதல்ல அவரு பாத்தது சக்கரத்த. "என்ன கேஜ் தம்பி?" 1067 மில்லிமீட்டர்னு சொன்னேன். "நம்ம மீட்டர் கேஜ விட நாலு விரக்கடை பெருசு." அப்புறம் ஃபோன பாய்லர்கிட்ட கொண்டு போக சொன்னாரு. "பாத்தா ஒண்ணும் தெரியாது, தட்டு. சின்ன சுத்தி இருந்தா எடுத்துட்டு தட்டு, சத்தம் கேக்கணும்." நல்ல தகடுன்னா மணி மாதிரி கணீர்னு கேக்கும், உள்ள அரிச்சு மெலிஞ்சிருந்தா சத்தம் செத்துப்போய் டப்புன்னு கேக்கும், பொன்மலையில அப்படித்தான் ரிவெட்டு, ஸ்டே (பாய்லர் தகட்ட இழுத்துப் புடிக்கிற கம்பி) எல்லாம் தட்டிப் பாப்பாங்களாம். அங்க பொறுப்புல இருந்தவர்கிட்ட கேட்டுட்டு மெதுவா தட்டுனேன். கீழ் பக்கம் தட்டுனப்போ ஓரளவு சத்தம் வந்துச்சு. மேல, தண்ணி மட்டத்துக்கும் காத்துக்கும் நடுவுல கெடந்த பக்கம் தட்டுனா ஈர அட்டைப்பெட்டிய தட்டுற மாதிரி. அப்பா அங்கருந்து, "கீழ சரளையில மூடிக் கெடந்தது பொழைச்சுக்கிச்சு. காத்தும் தண்ணியும் மாறி மாறி பட்டா துரு தின்னுரும். நெஞ்சு வரைக்கும் பொதஞ்சவன் தப்பிச்சான், தலைய தூக்கி பாத்தவன் போனான்"னாரு. அது உண்மைதான், சரளைக்குள்ள காத்து கம்மி, காத்து இல்லாம துரு மெதுவாதான் புடிக்கும்.

தூக்குறதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, பாய்லர் உள்ள முழுக்க சரளையும் களியும் நெறஞ்சிருக்கும், 1885ல எழுதி வெச்ச வெயிட்ட நம்பி கிரேன் கணக்கு போட்டா மாட்டிக்குவோம். முடிஞ்ச அளவு உள்ள இருக்குறத தோண்டி எடுத்து காலி பண்ணணும். ரெண்டாவது, ஈர மண்ணோட பிடி. உங்க கால சேறு புடிச்சு இழுக்கும் பாருங்க, அதே பிடிதான், இன்ஜின் சைஸ்ல. நேரா மேல தூக்குனா வராது, ஒரு பக்கமா கொஞ்சம் ஆட்டி அடியில தண்ணி புக விட்டாதான் விடும். சங்கிலிய கப்ளிங்ல மாட்டக் கூடாது, அது துருவுல கையோட வந்துரும், மெயின் ஃப்ரேம சுத்திதான் போடணும்.

இழுக்க ஆரம்பிச்சப்போ எல்லாரையும் ரொம்ப தூரம் தள்ளி நிக்க வெச்சாங்க, சங்கிலி அறுந்தா என்ன ஆகும்னு வெல்டிங் ஷாப்ல பாத்தவன் நான், இன்னும் பத்தடி தள்ளியே நின்னேன். டிக்கர் உறுமுது, சங்கிலி டைட் ஆகுது, ஒண்ணும் நடக்கல. மறுபடியும். ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு சத்தம், பெரிய மாடு சேத்துல இருந்து கால உருவுற மாதிரி, பச்சக்குனு. அவ்வளவுதான், அப்புறம் நிதானமா சரிவுல ஏறி வந்துச்சு. உள்ள இருந்த தண்ணி எல்லா ஓட்டையிலயும் ஊத்துது, ஏதோ இப்பதான் ஷெட்டுல கழுவிட்டு வர்ற மாதிரி. கரையில நின்ன கிழவங்க ரெண்டு மூணு பேரு தொப்பிய கழட்டுனாங்க. ஊர்க்காரங்க, தே அனாவ் போற வழியில கார நிறுத்திட்டு வந்த டூரிஸ்ட்டு, எல்லாரும் கை தட்டுனாங்க. நான் வீடியோ எடுக்குறதா நெனச்சுக்கிட்டு ஃபோன தப்பா புடிச்சிருக்கேன், முப்பது செகண்டு என் கட்டைவிரல்தான் இருக்கு. அப்பா இன்னிக்கு வரைக்கும் அதை சொல்லிக் காட்டுவாரு.

இத எடுத்து என்ன பண்ணப் போறீங்க, ஓடவா போகுதுன்னு நம்ம ஆளுங்க நெறைய பேரு கேட்டாங்க. இந்த ரெண்டும் ஓடும்னு நான் சொல்லல. ஆனா இதே ஓரெட்டி ஆத்துல பிராங்ஸ்ஹோம்ங்கற இடத்துல K 88னு ஒரு இன்ஜின், பேரு வாஷிங்டன், அமெரிக்காவுல 1877ல செஞ்சது, அதை 1974ல தோண்டி எடுத்து ஆஷ்பர்ட்டன்ல வெச்சு எட்டு வருஷம் உக்காந்து வேலை பாத்து 1982ல ஓடவே விட்டுட்டாங்க. 1878ல கிரைஸ்ட்சர்ச்சுல இருந்து டனீடினுக்கு போன முதல் எக்ஸ்பிரஸ இழுத்தது அந்த K கிளாஸ்தான். அதனால ஆத்துல இருந்து வந்ததெல்லாம் குப்பைன்னு இந்த ஊர்ல யாரும் அவசரப்பட்டு சொல்ல மாட்டாங்க.

ஆனா வெளிய எடுத்தப்புறம்தான் அவசரமே. இத்தனை வருஷம் காத்து படாம இருந்த இரும்பு காஞ்ச உடனே கண்ணு முன்னாடியே ஆரஞ்சு கலராகுது. லாரியில லம்ஸ்டன் ஸ்டேஷன் பக்கம் கொண்டு போயி இறக்குனதும் வாட்டர் பிளாஸ்டர்ல (வேகமா தண்ணி பீய்ச்சுற மெஷின்) கழுவி, சுரண்டி, எண்ணெய் அடிக்கிற வேலை. மீன் எண்ணெய் மாதிரி ஏதாவது அடிச்சா கொஞ்ச நாளைக்கு துரு நிக்கும், ஆனா அந்த நாத்தம் சட்டையில இருந்து போகாது, நான் கார்ல ஏறுனா என் பொண்டாட்டி கண்ணாடிய இறக்கிடுவா.

எடுத்து ஒரு வாரங்கூட ஆகல, பிப்ரவரி ஆரம்பத்துல மழை கொட்டுச்சு பாருங்க, சவுத்லேண்ட் முழுக்க எமர்ஜென்சி, மில்ஃபோர்ட் ரோடு பிச்சுக்கிட்டு போச்சு, கோர், மட்டவ்ரா பக்கம் ஜனங்கள வீட்ட விட்டு கெளப்பி விட்டாங்க. ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தா பம்ப், டிக்கர் எல்லாம் வெள்ளத்தோட போயிருக்கும். தண்ணி வடிஞ்சப்புறம் ஒருநாள் வண்டிய அந்தப் பக்கம் விட்டேன். நாங்க அவ்வளவு கஷ்டப்பட்டு வெட்டுன குழி எங்க இருந்துச்சுன்னே கண்டுபுடிக்க முடியல, சரளை சமமா பரவிக் கெடக்கு.

அப்புறம் 2020 மார்ச்சுல கொரோனா லாக்டவுன், எல்லாரும் வீட்டுக்குள்ள, நானும் போக முடியல. திறந்து விட்டப்புறம் முதல் சனிக்கிழமை லம்ஸ்டன் போயி, பாக்கெட்ல சின்ன சுத்திய போட்டுக்கிட்டு, பாய்லர சுத்தி சுத்தி தட்டி வாய்ஸ் நோட்டா அப்பாவுக்கு அனுப்பினேன். நாலு நிமிஷம் வெறும் தட்டுற சத்தம். ராத்திரி பதில் வந்துச்சு: "ரெண்டாவது நிமிஷத்துல ஒரு எடத்துல நல்லா கேக்குது தம்பி. அங்க சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு வை."