முதுகில் ஏழு வட்டங்கள்

கழுத்தில் பிடித்துத் தோள்பட்டை வரை இழுக்கும் வலி. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தோலில் கப்புகளைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி, சதையை மேலே இழுக்க வைக்கும் கப்பிங் செய்து பார் என்று நண்பர் சொல்ல, சரி என்று கிளம்பினேன்.

முதலில் போன இடத்தில் பெயரைக் கேட்டார்கள், சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவ்வளவுதான் விசாரணை. "ஹிஜாமாவே பண்ணிடலாம் சார், கெட்ட ரத்தமெல்லாம் வந்துடும்." ஹிஜாமா என்றால் தோலை லேசாகக் கீறி, அதன்மேல் கப் வைத்து ரத்தத்தை இழுப்பது. நானோ ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவன். சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் டாக்டர் கீறலே கூடாது என்றார். கீறாமல் கப் மட்டும் வைக்கும் உலர் கப்பிங் என்றால் மென்மையாக, கொஞ்ச நேரம் மட்டும். அடுத்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் கப்பைத் தொடுவதற்கு முன் கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். என்ன மாத்திரை, ரத்தம் உறைவதில் கோளாறு உண்டா, ரத்தசோகை உண்டா, காயம் ஆறினால் தழும்பு தடித்து வளருமா, சொரியாசிஸ் உண்டா. சொரியாசிஸ் இருப்பவர்களுக்குத் தோல் அடிபட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பலாமாம்.

நெருப்பு இல்லை, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் கப்புகள். கண்ணாடிக் குவளைக்குள் பஞ்சைக் கொளுத்தி வைக்கும் முறையில் சூடுபடும் ஆபத்து உண்டு. மசாஜில் சதை உள்ளே அமுங்கும், இதில் மேலே இழுபடுகிறது. விசித்திரமான சுகம். ஒரு கப் மட்டும் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவரே முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லமாட்டீங்களா, கொப்புளம் போட்டுடும்" என்று திட்டித் தளர்த்தினார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வீட்டில் முதுகைப் பார்த்து அலறினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்தோமே, அதே கருஞ்சிவப்பு வட்டங்கள். நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிந்த தடம்தான் அது. வெளியேறிய நச்சு என்பது கட்டுக்கதை. நச்சை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எனக்கு மறையப் பத்து நாள் ஆனது.

வலி? மூன்று நாள் தோள் லேசாக இருந்தது, பிறகு திரும்பிவிட்டது. கப்பின் வேலையா, போனைத் தொடாமல் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்ததன் வேலையா, தெரியவில்லை. ஆய்வுகளுக்கும் இதே சிக்கல்தான்: கப் நிஜமாகவே இழுக்கிறதா என்பதை நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பது கடினம்.

மறுபடி போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சியைச் செய்கிறேன், மறக்காத நாட்களில்.